உளியும் உள்ளமும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒருமுறையேனும் சென்று வராதவர் நம் வாசகர்களுள் மிகச் சிலரே இருப்பர். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கலசம் ஏற்றிய அந்த விமானத்தை நிமிர்ந்து பார்க்கிறோம். நந்தியைச் சுற்றி வருகிறோம். மதிலோர நிழலில் சற்று அமர்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். கருவறைக்கு மேலே, விமானத்தின் உட்புறத்தில், மேல்தளத்தில் ஒரு சுற்றுவழி இருப்பது பலருக்குத் தெரியாது. பொதுமக்கள் அங்கே செல்வதில்லை. அவ்வழியின் சுவரில், நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் கூறும் 108 கரணங்களையும் வரிசை தவறாமல் செதுக்கத் தொடங்கினார்கள் சோழநாட்டுச் சிற்பிகள். ஆடுபவர் நான்கு கரங்கள் கொண்ட சிவபெருமானே. 81 கரணங்கள் முடிந்தன. எஞ்சிய 27 கற்களும் முகம் சமன்செய்யப்பட்டு, உளிக்குக் காத்திருப்பனபோல இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன.

கலையின் நுட்பத்தைப் பேச அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவரின் முன் நமக்கு எழும் வினா வேறு. இருட்டுச் சுற்றுவழியில், பெயர் தெரியாமல், மற்றொருவரின் கட்டளைக்காக உழைத்தவனுக்கும் அவன் செய்த பொருளுக்கும் என்ன உறவு? அந்த வேலை யாருடையது? கட்டளையிட்ட அரசனுடையதா, காணிக்கையாகப் பெற்ற கடவுளுடையதா, உளி பிடித்த கையினுடையதா?

வினாவுக்குப் போகுமுன் வேலையை அறிந்துகொள்வது நல்லது. உழைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் உழைப்பின் விவரத்தை அறியாமலே அதைப் புகழ்ந்துவிடுகிறார்கள்.

புடைப்புச் சிற்பம் என்பது கல்லிலிருந்து உருவத்தை முழுதும் விடுவிப்பதன்று. கல்லின் முகத்தில் காவியால் கோடு இழுக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே உள்ளதைக் கொத்திக் கொத்திப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். முன்னுக்குத் தூக்கி நிற்கும் முழங்காலும் முழங்கையும் கல்லின் பழைய முகத்தை ஒட்டியே இருக்கும். மற்றவை எல்லாம் அதிலிருந்து பின்வாங்கியவை. மண்ணில் செய்கிறவன் தவறினால் மீண்டும் அப்பிக்கொள்ளலாம். கல்லில் எடுத்ததை மீண்டும் வைக்க இயலாது. தஞ்சையில் இன்னொரு கடினமும் உண்டு. அந்த வெற்றுக் கற்கள் சுவரிலேயே இருப்பதால், கல்லை முதலில் சுவரில் பொருத்திவிட்டுப் பின்னரே செதுக்கினார்கள் என்பது தெளிவாகிறது. பட்டறையில் ஒரு கல் பாழானால் அதைத் தள்ளிவிட்டு வேறு கல் எடுக்கலாம். விமானத்தின் சுவரில் பாழானால் என்ன செய்வது?

அதற்குமேல், தஞ்சையில் செதுக்க எடுத்தது கருங்கல். சலவைக்கல்லில் உளியைச் சாய்த்துப் பிடித்தால் சீவல் சீவலாக வரும். கருங்கல்லில் உளியை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து, கல்லின் மணிகளை நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். தஞ்சையைச் சுற்றி வயல்கள் உண்டு, மலை இல்லை. கல் முழுவதும் தொலைவிலிருந்தே வந்தது. எங்கள் சிலமலைப் பகுதியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மேற்கே திரும்பினால் ஏலமலை வானை மறைத்து நிற்கிறது. இங்கே அம்மியும் ஆட்டுரலும் கொத்திப் பிழைத்த முதியவர் ஒருவரிடம் கருங்கல் வேலையைப் பற்றிக் கேட்டோம். “காலையில கூர் வச்ச உளி மத்தியானத்துக்குள்ள மழுங்கிப் போயிருங்கய்யா. உலைக்களம் இல்லாத எடத்துல கல்லு வேலை ஓடாது” என்றார். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பாறைமீது பல்லவர் காலத்துக் கைவினைஞர் பெயர்கள் சில பொறிக்கப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான் என்று போகும் அந்த வரிசையில் கொல்லன் ஒருவனும் இடம்பெறுவது ஏன் என்பது முதியவரின் சொல்லால் விளங்கிற்று. சிற்பி ஒருவனாகச் செய்த சிற்பம் உலகில் இல்லை. பின்னால் ஒருவன் துருத்தி ஊதிக்கொண்டிருக்கிறான்.

இனிக் கடல் கடந்து பார்ப்போம். கூத்துக்கும் நடனத்துக்கும் கல்லில் வடிவம் தந்தவர்கள் தமிழர் மட்டும் அல்லர். உரோமைப் பேரரசின் நகரங்கள் தோறும் கல்லால் நாடக அரங்குகள் எழுந்தன. உரோமை நகரிலேயே முதல் நிலையான கல் அரங்கைக் கி.மு. 55இல் பொம்பேயுஸ் கட்டினான். அதன் உச்சியில் வீனசுத் தேவதைக்குக் கோயிலும் வைத்தான். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தாவில், இன்றைய லிபியாவில், இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அரங்கின் மேடை முகப்பில் கலைத் தேவியரும், ஆடும் மகளிரும், பாரிசின் தீர்ப்பும், உரோமையும் சப்ராத்தாவும் இரு பெண்களாய் நின்று கைகோப்பதும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. இன்றைய துருக்கியின் ஹியராப்போலி அரங்கிலும் அப்பொல்லோ, ஆர்த்தமி ஆகியோரின் கதைகள் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. ஹியராப்போலி என்ற பெயர் நம் காதுக்குப் புதியதன்று. புனித பவுலின் பெயரால் வழங்கும் கொலோசையர் திருமுகத்தின் இறுதியில் அவ்வூரின் பெயர் வருகிறது. பிலிப்பு அங்கே உயிர்நீத்தார் என்பது தொன்மையான மரபு. அரங்கின் அந்தச் சிற்பங்கள் செதுக்கப்பட்டபோது, அதே ஊரில் கிறிஸ்தவர்களும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உரோமைச் சிற்பியின் முறை நம் சிற்பியின் முறைக்கு மிகத் தூரத்தில் இல்லை. கூருளியால் பருமட்டாகக் கொத்தி, பல்லுளியால் தளங்களைப் பிரித்து, தட்டையுளியால் மழித்து, அரத்தால் தேய்த்து, இறுதியில் வண்ணம் பூசினார்கள். இன்று வெண்மையாய்த் தோன்றும் சலவைக்கல் அன்று வண்ணக் கல். தலைமயிர்ச் சுருளுக்கும் ஆடை மடிப்பின் ஆழத்துக்கும் துரப்பணத்தைப் பயன்படுத்தினார்கள். சிற்பி துரப்பணத்தைக் குறி தவறாமல் பிடிக்க, எதிரே உதவியாள் ஒருவன் வாரை மாறி மாறி இழுப்பான். நம் தச்சர்கள் மின்சாரம் வருமுன் கதவுக்குத் துளையிட்ட முறையை நினைத்துக்கொண்டால் போதும்.

இத்தனை நுட்பமும் வேண்டிய தொழிலை அந்தச் சமுதாயம் எப்படி மதித்தது? சிரியா நாட்டுச் சமோசாத்தாவில் பிறந்த எழுத்தாளர் லூசியான் இரண்டாம் நூற்றாண்டினர். சிறுவனாகச் சிற்பியான தம் மாமனிடம் தொழிலுக்கு விடப்பட்டு, முதல் நாளே பலகைக் கல் ஒன்றை உடைத்து, அடி வாங்கி ஓடிவந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். அன்றிரவு கனவில் சிற்பக்கலை ஒரு பெண்ணாகவும் கல்வி ஒரு பெண்ணாகவும் தோன்றி அவருக்காகப் போட்டியிடுகிறார்கள். நீ பீதியாசையே விஞ்சினாலும் எல்லாரும் உன் கலையைப் புகழ்வார்களே தவிர, உன்னைப்போல் ஆக எவரும் விரும்பமாட்டார்கள், நீ கையால் பிழைக்கும் தொழிலாளிதான் என்கிறாள் கல்வி. சிறுவன் கல்வியின் பக்கம் போய்விடுகிறான். சிலையை வணங்கிச் சிற்பியை இகழ்ந்த உலகம் அது. நம் உலகம் வேறாக இருந்தது என்று சொல்ல நா எழவில்லை. கொங்குநாட்டுக் கம்மாளருக்கு அரசன் அளித்த உரிமைகளைக் கூறும் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. திருமணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அது சலுகை வழங்குகிறது. வழங்கப்படுமுன் அவை இல்லை என்பதுதானே இதன் பொருள்? கோயிலை எழுப்பியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது.

வினாவின் முதற்பகுதிக்கு வருவோம். எவரும் காணாத இடத்தில் ஏன் அத்தனை கவனம்? எல்லாரும் காணவே கட்டியது உரோமை அரங்கு. ஆயினும் அங்கும் உயரத்து இருக்கையிலிருந்து முகப்புச் சிற்பத்தின் விரல்நுனியைக் கண்டிருக்க முடியாது. தஞ்சையிலோ பார்வையாளரே இல்லை. நற்செய்தியில் வெளிவேடக்காரர் என்று நாம் படிக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் மேடை நடிகனையே குறித்தது. பிறர் காண ஈகை செய்வோரை ஆண்டவர் அரங்கத்தின் சொல்லாலேயே சுட்டினார். மறைவில் செய்வதைக் காணும் தந்தையைப் பற்றியும் அங்கேயே பேசினார். சிற்பியின் மறைவான வேலையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அதைத் திருப்பணி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நாம் அத்தனை விரைவாகப் போக விரும்பவில்லை. பக்தியால் மட்டும் முழங்கால் வளைவு சரியாக வராது. கரணம் என்பது நின்ற கோலம் அன்று, கையும் காலும் இணைந்து ஓடும் அசைவு என்பதை நாட்டிய அறிஞர் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வால் நிறுவினார். ஓடும் அசைவின் எந்தக் கணத்தைக் கல்லில் நிறுத்துவது என்று சிற்பி முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு கட்டளையில் எழுதியிருக்காது. அரசனும் சொல்லியிருக்க மாட்டான். கல்லின் முன் அவன் தனித்து நின்ற இடம் அது. அங்கே அவன் எவருக்கும் அடிமையல்லன்.

சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் முத்திரை செதுக்குபவனையும் கொல்லனையும் குயவனையும் பற்றிப் பேசுகிறது. அவர்கள் மக்கள் மன்றத்தில் முதலிடம் பெறுவதில்லை. ஆனால் அவர்களின்றி ஊர் அமையாது. அவர்களின் தொழிலே அவர்களின் மன்றாட்டு என்பது அதன் கருத்து. லூசியானின் கனவில் வந்த கல்வி இதைக் கேட்டிருந்தால் சற்று வெட்கியிருப்பாள்.

வினாவின் இரண்டாம் பகுதி இன்னும் கடுமையானது. தான் ஏற்காததைச் செதுக்கலாமா? தொடக்கத் திருச்சபைக்கு இது ஏட்டு வினா அன்று, சோற்று வினா. இப்போலித்துவின் பெயரால் வழங்கும் திருத்தூதர் மரபு என்னும் நூல், சிற்பியோ ஓவியனோ திருமுழுக்குப் பயிற்சிக்கு வந்தால் சிலைகள் செய்யக் கூடாது என்று கற்பிக்க வேண்டும், நிறுத்தாவிட்டால் அவனைச் சேர்க்கக் கூடாது என்கிறது. அதே காலத்தில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் இன்னும் கறாராக எழுதினார். வேறு பிழைப்பில்லை என்ற சாக்கு அவரிடம் செல்லாது. மரத்தில் மார்சுத் தேவனைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஓர் அலமாரி செய்வது எளிதல்லவா, சாந்து வேலை தெரிந்தவன் வீட்டுச் சுவரைப் பூசலாமே என்று கேட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அலமாரி வாங்குவோர் எத்தனை பேர், அரங்கும் கோயிலும் கட்டும் நகரில் கூலி எங்கே மிகுதி என்ற கணக்கைத் தெர்த்துல்லியன் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அடிமையாக விற்கப்பட்டுச் சிற்பப் பட்டறையில் நின்றவனுக்கு அவருடைய அறிவுரையில் இடமே இல்லை.

இந்த வினாவை உளிகொண்டு எதிர்கொண்டவர்களாக மரபு காட்டுவது முடிசூடிய நால்வர் என்று நாம் நவம்பர் 8இல் நினைவுகூரும் மறைசாட்சிகளை. இரு வேறு குழுக்களின் வரலாறுகள் அவர்கள் பெயரில் கலந்துவிட்டன என்பதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று பன்னோனியா நாட்டுக் கல்லுடைப்புக் களத்தில் வேலை செய்த சிற்பிகளைப் பற்றியது. கிளாவுதியுஸ், கஸ்தோரியுஸ், சிம்போரியான், நிக்கோஸ்திராத்துஸ் ஆகியோர் மறைவாகக் கிறிஸ்தவர்கள். அவர்களோடு உழைத்த சிம்பிளீசியுசின் உளிகள் அடிக்கடி உடைந்துபோகின்றன. மற்றவர்களின் உளிகள் உடைவதில்லை. காரணம் கேட்கிறான், கிளாவுதியுஸ் அவன் கருவிகளை ஆசீர்வதிக்கிறார், அவனும் நம்புகிறான். உளி மழுங்கும் துன்பத்தை அறிந்த ஒருவரிடமிருந்தே இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பேரரசன் தியோக்கிளேசியன் கேட்ட தூண்களையும் போதிகைகளையும் சிங்கங்களையும் கழுகுகளையும் அவர்கள் செய்தார்கள். வியப்பு என்னவென்றால், நான்கு குதிரை பூட்டிய தேரில் சூரியத் தேவனையும் செய்தார்கள் என்கிறது அந்த வரலாறு. எஸ்குலாப்பியுசைச் செய் என்றபோதுதான் மறுத்தார்கள். ஈயப் பெட்டிகளில் உயிரோடு அடைத்து ஆற்றில் எறியப்பட்டார்கள்.

சூரியத் தேவனைச் செய்த கை எஸ்குலாப்பியுசை ஏன் மறுத்தது? ஒழுங்கான இறையியல் எழுதுகிறவருக்கு இது இடறல். நமக்கோ இந்த இடமே வரலாற்றில் மிக உண்மையாகப் படுகிறது. தேரில் ஏறிய சூரியன் அணிவேலை என்றும், எஸ்குலாப்பியுஸ் வழிபாட்டுக்குரிய சிலை என்றும் அவர்கள் பிரித்திருக்கலாம். எப்படியாயினும் கோட்டை வரைந்தவர்கள் அவர்களே. கல்லில் எந்தக் கோட்டுக்கு அப்பால் கொத்தக் கூடாது என்பதைக் கை அறிவதுபோல், எந்த வேலைக்கு அப்பால் போகக் கூடாது என்பதை அவர்களின் மனச்சான்று அறிந்தது. அந்தக் கோடு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்போதும் நேராகத் தோன்றுவதில்லை. வட்டிக்கடைக்குக் கணக்கு எழுதும் நம் இளைஞனும், சாராயக்கடைக்குச் சரக்கு ஏற்றும் ஓட்டுநரும், பொய் விளம்பரத்துக்குப் படம் வரையும் ஓவியரும் ஒவ்வொரு நாளும் இத்தகைய கோடு ஒன்றைத் தம்முள் வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைத் தெர்த்துல்லியனைப்போல் ஒரே வரியில் தீர்த்துவிட நமக்கு மனமில்லை.

கொலைக்களத்துக்குப் போகாமல் வழி கண்டவரும் உண்டு. உரோமை நிலத்தடிக் கல்லறைப் பகுதியில் கிடைத்து இப்போது உர்பீனோ நகரில் உள்ள ஒரு கல்பலகை எவுத்ரோப்பு என்ற கிறிஸ்தவச் சிற்பியினுடையது. அவர் சிங்கத்தலை கொண்ட கல்சவப்பெட்டி ஒன்றைத் துரப்பணத்தால் துளைக்கிறார். எதிரே உதவியாள் வாரை இழுக்கிறான். முடிந்த பெட்டி ஒன்று அருகில் இருக்கிறது. இறைப்பற்றுள்ளவர், அமைதியில் துயில்கிறார், மகன் இதைச் செய்தான் என்பது அதன் செய்தி. தேவர்களும் இல்லை, அரங்கின் முகமூடிகளும் இல்லை. சிங்கத்தலையும் நெளிகோடும் போதும் என்று ஒரு குடும்பம் பிழைத்திருக்கிறது. தம் தொழிலைக் கல்லறைக்கு எடுத்துச் சென்றதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டாமல் உழைத்தார்கள், இறைவனுக்கே உழைத்தார்கள் என்ற புகழ்ச்சியை யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்த உழைப்பின் பயனை நுகர்கிறவர்களே. தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகள் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைத் தருகின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். தச்சர்களில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அவனுக்குக் கீழிருந்த பெருந்தச்சர் இருவர் பெயரும் அதே போன்ற பங்குப் பட்டியலில்தான் வருகின்றன. அரசன் அவர்களைப் புகழ்ந்து பாடுவதற்காகப் பெயர் எழுதவில்லை. நெல் அளக்க வேண்டியிருந்ததால் எழுதினான். எவருக்குக் கொடுக்கக் கடமை உண்டோ அவருக்குப் பெயர் உண்டு. 81 கரணங்களைச் செதுக்கியவர்கள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆடியவளின் வீட்டு வரிசை நமக்குத் தெரிகிறது. அந்த ஆட்டத்தைக் கல்லில் நிறுத்தியவனின் ஊர் தெரியவில்லை. பெயரின்மை எப்போதும் தாழ்ச்சியின் அடையாளம் அன்று. கொடுக்க வேண்டியதைக் கேட்க ஆளில்லாத நிலையின் அடையாளமாகவும் அது இருக்கும்.

சிலமலையில் இதை எழுதும்போது கண்முன் வருவது கல்வெட்டு மட்டும் அன்று. விடியுமுன் எங்கள் ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துப் பெண்கள் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். செடியின் அடியில் குனிந்து, பழுத்ததையும் பிஞ்சையும் விரலால் அறிந்து, காயை மட்டும் கிள்ளுகிறார்கள். போடிநாயக்கனூரில் வேறு பெண்கள் உலர்ந்த காயை நிறமும் பருமனும் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஏல மையத்தின் கணினித் திரையில் எடையும் தரமும் விலையும் தெரியும். அரபு நாட்டுக் காப்பியில் மணக்கும் அந்தக் காயைக் கிள்ளிய விரல் எந்தத் திரையிலும் தெரிவதில்லை. வேலையின் மதிப்பு செய்த பொருளில் இல்லை, செய்கிறவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். இந்தக் கருத்தை நாம் மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். கூலிக் கணக்கில் அதைக் கண்டதுண்டா? பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதியது தோட்ட முதலாளிகளுக்கு மட்டும் அன்று. ஆலயம் கட்டும் பங்குக் குழுக்களுக்கும், வீடு கட்டும் நமக்கும்தான். பீடத்தைப் பளிங்கால் இழைத்துக் கொடுத்த உபகாரியின் பெயர் கல்லில் இருக்கிறது. இழைத்தவனின் பெயரை எந்தக் கோயிலில் பார்த்திருக்கிறோம்?

அந்த வழக்கத்தைச் சிலர் மாற்றியும் இருக்கிறார்கள். சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தின் உட்புறத்தில் விருத்தகிரியைச் சேர்ந்த சிற்பியும் அவர் மகன் விசுவமுத்துவும் மற்றவர்களும் தங்கள் உருவங்களோடும் பெயர்களோடும் நிற்கிறார்கள். அளவுகோலும் உடன் இருக்கிறது. இத்தாலியின் புளோரன்சு நகரில் கல், மரத் தொழிலாளர் சங்கம் ஓர்சான்மிக்கேலே கோயிலின் வெளிச்சுவரில் தனக்குரிய மாடத்தில் முடிசூடிய நால்வரையே நிறுத்த விரும்பிற்று. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்னி தி பாங்கோ அதைச் செய்தார். நால்வரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதுபோல் அரைவட்டமாக நிற்கிறார்கள். அவர்களின் காலடியில், வீதியில் போகிறவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில், சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. அதில் புனிதர்கள் இல்லை. ஒருவன் சுவர் எழுப்புகிறான். ஒருவன் தூணில் துளையிடுகிறான். ஒருவன் போதிகையை அளந்து பார்க்கிறான். நான்காமவன் உளியும் சுத்தியலும் கொண்டு ஒரு குழந்தையின் உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். செலவு முழுவதும் சங்கத்தினுடையது.